லட்சுமிக்கு ஒரு கதவு

ஒரு பெட்டிக்கு இருபத்துநான்கு ஆணி. பால்துரை வாயில் கவ்வியிருந்த ஆணிகளில் ஒன்றை எடுத்து, பலகையின் விளிம்பில் வைத்து, இரண்டே அடியில் இறக்கிவிட்டு அடுத்த ஆணிக்குப் போனார். பட்டாசு ஏற்றிப் போகிற பெட்டி. வடக்கே ஏதோ ஓர் ஊரில் தீபாவளிக்கு முன்னால் உடைத்து அடுப்பில் வைத்துவிடப் போகிறார்கள். அதனால் அதில் இழைப்பையோ பொருத்தையோ யாரும் பார்ப்பதில்லை. காலையிலிருந்து நாற்பது பெட்டி ஆகியிருந்தது. பத்து மாதமாக அவர் இந்த வேலையைத் தவிர வேறு வேலையைத் தொடவில்லை.

அதற்கு முன்பு சிவகாசியில் கதவு என்றால் பால்துரைதான். அவர் மாட்டிய கதவு முனகாது, இடிக்காது. நிலையை மயிரிழை சாய்த்து, கீல்களை ஒன்றுக்கொன்று லேசாக விலக்கி வைத்து அவர் ஒரு வித்தை செய்வார். திறந்தவர் கையை எடுத்ததும் கதவு தானாகவே போய்ச் சாத்திக்கொள்ளும். பால்துரை கிறிஸ்தவர். வேதக்காரர் கதவுக்கு வேலைக்காரன் தேவையில்லை என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஆடிக் காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்த அன்று மத்தியானம், தீப்பெட்டி முதலாளி கனகசபாபதியின் மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கினார். எரிந்துபோன கொட்டகை இருந்த இடத்தில் புதுக் கொட்டகை எழும்பிவிட்டது, கதவு வேலைக்கு நீங்கள்தான் வர வேண்டும் என்று முதலாளி சொல்கிறார் என்றார். பால்துரை வாயிலிருந்த ஆணிகளைத் துப்பவில்லை. மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். மேஸ்திரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

போன ஐப்பசியில் எரிந்த கொட்டகை அது. பள்ளம் வெட்டிய மரச்சட்டங்களில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகுவதைக் கட்டை அடுக்குவது என்பார்கள். அங்கே இருபத்தாறு பெண்கள் அந்த வேலையில் இருந்தார்கள். தீக்குச்சி மருந்தில் முக்கி எடுத்த கட்டைகளை அவர்கள் பக்கத்தில் வைக்கக் கூடாது. மூன்று நாள் அடைமழை, உலர்த்த வேறு இடமில்லை என்று முதலாளி அவற்றையும் அங்கேயே அடுக்கச் சொல்லிவிட்டார். ஈரக்காற்று பட்டால் மருந்து காயாது என்று கதவும் சாத்தியிருந்தது. அடுக்கிலிருந்து ஒரு கட்டை சரிந்து உரசியது. இருபத்தைந்து பேர் வெளியே வந்தார்கள். பால்துரையின் மனைவி ஆரோக்கியம் வரவில்லை.

அந்தக் கதவைச் செய்தவர் பால்துரை. ஒற்றைத் தேக்குக் கதவு, உள்பக்கம் திறப்பது, தானே சாத்திக்கொள்வது. தன் கைவேலைகளில் அதுதான் நல்லது என்று நினைத்திருந்தார். தீப்பிடித்த அன்று அவர் விருதுநகரில் ஒரு மிளகாய் மண்டியில் வேலையாக இருந்தார். பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். எந்த இடத்தில் கிடந்தாள் என்று அவர் கேட்டார். எல்லாரும் வேறு பேச்சுப் பேசினார்கள். தான் செய்த கதவு அவள் முகத்தில் சாத்திக்கொண்டது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். பெண்கள் பதறி நெருக்கியடித்ததுதான் காரணம் என்று போலீஸ் காகிதத்தில் எழுதியிருந்தது. முதலாளி அப்படித்தான் சொல்லியிருந்தார்.

மகள் செல்வமணிக்கு இருபது வயது. அம்மா உட்கார்ந்த இடத்துக்கு அவள்தான் வேலைக்குப் போனாள். தீக்குப் பிறகு கம்பெனி வளாகத்தில் ஓலைப் பந்தல் போட்டு, அதன் கீழே பெண்களை உட்காரவைத்திருந்தார்கள். வெயிலும் புழுதியும் இருந்தாலும் நாலு பக்கமும் திறந்த இடம். மேஸ்திரி வந்துபோன அன்று சாயங்காலம், அப்பாவுக்குச் சோறு வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க மாட்டேன்னு சொல்லிட்டீகளாமே."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நீங்க போகலேன்னா வேற ஆளு வந்து பழைய மாதிரியே ஒரு கதவ மாட்டிட்டுப் போவான். அதுக்குள்ள உக்காரப் போறது நான்தான்ப்பா."

அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டார். செல்வமணிக்கு அவரைத் தெரியும். அதற்கு மேல் பேசினால் எழுந்து போய்விடுவார். அவளுக்கு அப்பாவிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. ஆனால் அதைத் தான் சொல்லக் கூடாது, பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று மூன்று மாதமாகப் பொறுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பும்போது அவள் சித்திகாவைக் கூட்டிவந்தாள். சித்திகா ஆரோக்கியத்தின் பக்கத்தில் பதினோரு வருஷம் உட்கார்ந்து கட்டை அடுக்கியவள். தீயில் வெந்த இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். பால்துரை முற்றத்தில் உளிகளைப் பரப்பித் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலைக்காக இல்லை, ஞாயிற்றுக்கிழமை பொழுது போக வேண்டுமே என்றுதான். சித்திகாவைப் பார்த்ததும் எழுந்து பலகையை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, இத உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு நாங்க பேசி வச்சிருந்தோம். நீங்க செஞ்ச கதவு. மனசு ஒடஞ்சு போவீகன்னுதான். இப்பச் சொல்லாமப் போனா அக்காவுக்குச் செஞ்ச பாவமாப் போயிரும்."

பால்துரை உளியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அம்புட்டுப் பேரும் கதவு மேல போயி விளுந்தோம். இளுத்தாத்தான் தொறக்கும், நாங்க தள்ளிக்கிட்டு நிக்கோம். அக்காதான் எங்களப் பிச்சுக்கிட்டு முன்னால வந்தாக. கதவுல கால ஊனி, முதுகக் குடுத்து எங்களப் பின்னால தள்ளுனாக. ஒரு முளம் எடம் கெடச்சிச்சு. மளைக்குக் கதவு ஊதிப் போயிருந்துச்சு, சும்மா இளுத்தா வராது. வளையத்தப் பிடிச்சு, லேசாத் தூக்கி இளுத்தாக. வந்திருச்சு. கைய விட்டாத் தானே சாத்திக்கிடும்னு அவுகளுக்குத் தெரியும்ல. அதனால கதவோடயே செவுத்துப் பக்கம் போயி, அதப் பிடிச்சுக்கிட்டே நின்னாக. போங்கடி, போங்கடின்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. நாங்க அம்புட்டுப் பேரும் போயிட்டோம். கடைசியா நான். எம் பின்னால கதவு சாத்திருச்சு."

"நீங்க வெளிய இருந்து தள்ளலையா?"

"தள்ளுனோம் அண்ணாச்சி. இந்தக் கை அதுல வெந்ததுதான். அவுக கதவு மேலயே சாஞ்சு விளுந்துட்டாக போல. அசையல."

பிறகு பால்துரை, "தூக்கியா இளுத்தா?" என்று கேட்டார். சித்திகா ஆமாம் என்றாள். அவர் மறுபடியும் அதையே கேட்டார்.

அந்தக் கதவை மாட்டிய நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கஞ்சி கொண்டுவந்த ஆரோக்கியத்தைக் கதவைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவர் கீல் முடுக்கினார். கதவின் கனத்தைப் பார்த்து அவள், மழைக்கு ஊதினால் இதைப் பெண்கள் எப்படித் திறப்பது என்று கேட்டாள். தூக்கி இழு, குழந்தை மாதிரி வரும் என்று அவர் சொன்னார். கையிலிருந்த வேலையைப் பார்த்துக்கொண்டே போகிற போக்கில் சொன்ன பேச்சு. அவள் அதை ஏழு வருஷம் வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் எடுத்திருக்கிறாள்.

பால்துரை அழுதார். மகளும் சித்திகாவும் இருக்கிறார்களே என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அழுது முடித்துத் துண்டால் துடைத்துக்கொண்டபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பத்து மாதமாக ஆரோக்கியம் செத்ததை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவர், அன்றுதான் அவள் செய்ததை நினைத்தார். இருபத்தைந்து வீட்டில் அடுப்பு எரிகிறது என்றால் தன் பெண்டாட்டியால்தான் என்று தோன்றியது. ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி அதைச் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் அவர் பெட்டி வேலைக்குப் போகவில்லை. பையில் அளவுகோலைப் போட்டுக்கொண்டு திருத்தங்கல் ரோட்டில் நடந்தார்.

கனகசபாபதி கெட்ட வார்த்தை பேசாத மனிதர். பால்துரைக்கு உட்கார நாற்காலி போடச் சொன்னார், மோர் கொண்டுவரச் சொன்னார், ஆரோக்கியத்தின் பெயரைச் சொல்லிப் பெருமூச்சும் விட்டார். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி போடப்போகிறேன் என்று பால்துரை சொன்னதும்தான் அவர் முகம் மாறியது. எந்த வீட்டிலாவது, எந்தக் கடையிலாவது அப்படி வைத்துப் பார்த்திருக்கிறீரா என்று கேட்டார். பால்துரை பார்த்ததில்லை. முப்பது வருஷமாக அவர் மாட்டிய கதவெல்லாம் உள்ளே திறப்பவைதான். ஏன் என்று அவர் யாரையும் கேட்டதுமில்லை.

"வெளிய தள்ளுற கதவு லட்சுமிய வெளிய தள்ளுற மாதிரி. உமக்கு அதுல நம்பிக்கை இருக்காது. எனக்கு இருக்கு. எங்க அய்யா காலத்துல இருந்து அப்படித்தான்."

"அப்ப எனக்கு இந்த வேலை வேண்டாம் மொதலாளி" என்று சொல்லிவிட்டு, மோர் டம்ளரைக் கவனமாக மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார் பால்துரை.

முதலாளி விருதுநகரிலிருந்து வேறு தச்சரைக் கொண்டுவந்தார். அந்த ஆள் நிலையை அளந்துகொண்டிருந்தபோது செல்வமணியும் சித்திகாவும் போய் எந்தப் பக்கம் திறக்கும் என்று விசாரித்தார்கள். உள்பக்கம் என்றார் அவர். அன்று மத்தியானம் பந்தலுக்கடியில் பேச்சு நடந்தது. பெரிய பேச்சு ஒன்றுமில்லை. கட்டையில் குச்சி செருகிக்கொண்டே, ஒருத்தி மாற்றி ஒருத்தி சொன்னதுதான். கதவு உள்ளே திறந்தால் நாம் உள்ளே போவதில்லை. இங்கேயே இருப்போம், வேலையும் பார்ப்போம்.

மேஸ்திரிக்கு இது எப்படிப்பட்ட தகராறு என்று புரியவில்லை. வேலையை நிறுத்தினால் வேறு ஆள் வைப்பேன் என்று மிரட்டலாம். இவர்கள் நிறுத்தவில்லை. விடிந்ததும் வந்தார்கள், ஒரு கட்டைகூடக் குறையாமல் அடுக்கினார்கள், புதுக் கொட்டகைக்கு மட்டும் போக மாட்டேன் என்றார்கள். விருதுநகர்த் தச்சர் ஒரு வாரம் காத்திருந்து பார்த்தார். விஷயம் முழுவதும் தெரிந்ததும், ஒரு பெண்பிள்ளை செத்த இடத்தில் எனக்கு எதற்கு இந்த வம்பு என்று ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தது. ஒரு நாள் சாயங்காலம் மேற்கே கருத்துவந்து நாலு சொட்டுப் போட்டது. பந்தல் ஓலை ஒழுகி, அடுக்கிய கட்டைகளில் ஒரு வரிசை நனைந்தது. இன்னும் ஒரு மாதத்தில் மழை பிடித்துக்கொள்ளும். கல்கத்தா ஆர்டரில் பாதி இன்னும் பாக்கி இருந்தது. முதலாளி பால்துரையை அழைத்துவரச் சொல்லிவிட்டு, தானே பந்தலுக்கு வந்தார். பெண்கள் எழுந்து நின்றார்கள்.

அவர் நல்ல வார்த்தையாகவே பேசினார். உங்கள் நன்மைக்குத்தானே கொட்டகை கட்டியிருக்கிறேன், லட்சுமி கடாட்சம் இருந்தால்தானே கம்பெனி, கம்பெனி இருந்தால்தானே உங்களுக்குக் கூலி என்று எடுத்துச் சொன்னார். சித்திகா மட்டும் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். வெந்த கை வெளியே தெரிந்தது.

"மொதலாளி, அப்ப ரெண்டு கதவு வைங்க. உங்க லட்சுமி உள்ள வாரதுக்கு ஒண்ணு. நாங்க வெளிய வாரதுக்கு ஒண்ணு."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். முதலாளி சித்திகாவின் கையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு பால்துரையிடம், கிழக்கே ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு உள்ளே திறக்கிற மாதிரி இருக்கட்டும், மேற்கே நீர் சொல்கிறபடி செய்யும் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

பத்தொன்பது நாள் வேலை. சின்னக் கதவை மூன்றே நாளில் முடித்து, மஞ்சள் பூசும்படி மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டார். மேற்குக் கதவில்தான் உயிரை வைத்தார். இரட்டைக் கதவு. தேக்கு வேண்டாம், கனம் என்று லேசான பலகையாகப் பார்த்து எடுத்து, இழைத்து இழைத்து இளைக்கவைத்தார். தாழ்ப்பாள் வைக்கவில்லை. குறுக்கே ஒரு கட்டை. இடுப்பு பட்டாலே அது மேலே எழும்பிக் கதவு விரிந்துவிடும். இருட்டில், புகையில், கைப்பிடியைத் தேட வேண்டாம் என்று கணக்கு. கீல்களை இந்தத் தடவை மறுபக்கம் சாய்த்தார். திறந்த கதவு திறந்தபடியே நிற்கும், யாரும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அந்தக் கீலை முடுக்கும்போது மட்டும் செல்வமணியைக் கூப்பிட்டுக் கதவைத் தாங்கச் சொன்னார். அவள் அம்மாவைப் போலவே முழங்காலை மடக்கித் தாங்கி நின்றதைப் பார்த்துக்கொண்டே திருப்புளியைத் திருகினார்.

மாட்டி முடித்த அன்று எல்லாப் பெண்களையும் உள்ளே போகச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று, தீப்பிடித்த மாதிரி ஓடிவாங்க என்றார். உள்ளே முதலில் தயக்கமாக இருந்தது. பிறகு அத்தனை பேரும் ஒன்றாக வந்து மோதினார்கள். குறுக்குக்கட்டை துள்ளி எழுந்தது, கதவு இரண்டும் சுவரில் போய் அறைந்தன, பெண்கள் ஒருவர் மேல் ஒருவராக மணலில் வந்து விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். அந்த வளாகத்தில் ஒரு வருஷமாக யாரும் அப்படிச் சிரித்ததில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அவர்களே உள்ளே போய்ப் போய் ஓடிவந்தார்கள். சித்திகா கடைசியாக வந்தாள். அவள் வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது கதவு சாத்தவில்லை. அப்படியே நின்றது.

"அக்கா இருந்திருந்தா உங்களப் பாத்துச் சிரிச்சிருப்பாக அண்ணாச்சி" என்றாள்.

"சிரிச்சிருக்க மாட்டா. இத முன்னாலயே செய்யுறதுக்கு என்னன்னு கேட்டிருப்பா" என்றார் பால்துரை. சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது.

புரட்டாசி கடைசி வெள்ளிக்கிழமை திறப்பு விழா. கிழக்குக் கதவுக்கு மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து, முதலாளி குடும்பம் வலது கால் வைத்து உள்ளே போனது. சுவரில் அவருடைய அப்பா பெயர் பொறித்த கல் பதித்திருந்தார்கள். ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் ஒருவரும் வந்திருந்தார். பால்துரை சலவை வேட்டியில், பெண்களோடு மேற்குப் பக்கம் நின்றார். இன்ஸ்பெக்டர் முதலாளியோடு கொட்டகைக்குள் சுற்றிப் பார்த்துக்கொண்டே அங்கே வந்து, விரலால் குறுக்குக்கட்டையைத் தட்டினார். கதவு விரிந்து நின்றது. அவர் இரண்டு தடவை சாத்தித் திறந்து பார்த்துவிட்டு முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப சந்தோஷம். கதவு வெளியேதான் திறக்கணும்னு சட்டத்துல பத்து வருஷமா இருக்கு. எந்தக் கம்பெனியிலயும் வைக்கிறதில்ல. நீங்க வச்சிருக்கீங்க."

முதலாளி அடக்கமாகச் சிரித்து, தொழிலாளிகள் உயிர்தான் நமக்கு முக்கியம் என்றார். யாரோ கை தட்டினார்கள். இன்ஸ்பெக்டருக்குப் போட்ட மாலையைப் போலவே முதலாளிக்கும் ஒரு மாலை போட்டார்கள்.

பால்துரை மகளைப் பார்த்தார். "பத்து வருசமாவா?" என்றார். செல்வமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது பின்கட்டிலிருந்து ஒரு மாட்டுவண்டி வெளியே வந்தது. வண்டியில் மல்லாக்க ஒரு கதவு. கரிந்த பக்கத்தை இழைத்து, புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்ட் காய்ந்துகூட முடியவில்லை. பால்துரைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் கையால் செய்த பொருத்து, எத்தனை பச்சை அடித்தாலும் தெரியாதா. இரும்பு வளையத்தை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். வட்டமாக அவர் வாங்கி மாட்டிய வளையம், பிடித்து இழுத்த பக்கம் நீண்டு முட்டை மாதிரி இருந்தது.

வண்டிக்காரர் இருளாண்டியிடம், எங்கே போகிறது என்று கேட்டார்.

"நாரணாபுரத்துக்கு அண்ணாச்சி. மொதலாளி அங்கன இன்னொரு கொட்டகை போட்டிருக்காகல்ல. நல்ல தேக்கு, வீணாக் கெடக்குன்னு அனுப்புறாக. நாளைக்கு மாட்டணுமாம்."

"அங்கன எம்புட்டுப் பேரு வேலைக்கு?"

"நாப்பது பொம்பளையாளுகன்னு பேச்சு."

பந்தியில் இலை போட்டாயிற்று என்று மேஸ்திரி கூவினார். இன்றைக்கு எல்லாருக்கும் வடை பாயசத்தோடு சாப்பாடு. பெண்கள் தயங்கி நின்றார்கள். பால்துரை பந்தலுக்குப் போய், நேற்றே மூட்டைகட்டி வைத்த பையை எடுத்து, உளியும் சுத்தியலும் திருப்புளியும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தார்.

"சாப்பிட்டுப் போங்கப்பா" என்றாள் செல்வமணி.

"நீங்க சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு எல்லாருமா நாரணாபுரத்துக்கு வாங்க" என்றார்.

சித்திகா இலைப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வண்டி ரோட்டில் ஏறியது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நீண்டுபோன வளையம் பலகையில் தட்டியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பால்துரை அதன் பின்னால் நடந்தார்.